ரேடியோ அலைப் பரவல் சிமுலேஷனுக்கு முப்பரிமாண ஊர்தி மாதிரியைத் தயார்செய்வது: முழுமையான வழிகாட்டி

இணையத்தில் கிடைக்கும் கார் மாதிரி கண்ணுக்காகச் செய்யப்பட்டது. கதிர்த்தட முறையில் (அலையை நேர்கோட்டில் போய் மோதித் திரும்பும் கதிர்களாக எடுத்துக்கொள்வது) ரேடியோ அலையைக் கணக்கிடும் மென்பொருளுக்கு அதை அப்படியே கொடுத்தால் கணக்கு ஓடும், படமும் வரும், எண்கள் மட்டும் தவறாக இருக்கும். பிழைச் செய்தி எதுவும் வராது என்பதுதான் இதில் பெரிய ஆபத்து. எனவே எந்தப் படிக்குப் பிறகு எந்தப் படி என்பதையும், அதற்கான காரணத்தையும் சேர்த்தே எழுதுகிறேன். மாதிரியைத் திருத்த பிளெண்டர் என்னும் முப்பரிமாண வரைகலை மென்பொருளையும், அலையைக் கணக்கிட என்விடியாவின் சியோனா ஆர்டியையும் எடுத்துக்காட்டாகக் கொள்கிறேன். வேறு கருவி வைத்திருப்பவர்களுக்கும் வரிசை இதேதான்.

1. மாதிரியைத் திறக்கும் முன் முடிவுசெய்ய வேண்டியவை

முதலில் அதிர்வெண். ஊர்திகள் ஒன்றோடொன்று பேசும் 5.9 கிகாஹெர்ட்ஸில் அலைநீளம் சுமார் 5.1 செ.மீ. 28 கிகாஹெர்ட்ஸில் 1.07 செ.மீ. ஊர்தி ராடார்கள் இயங்கும் 77 கிகாஹெர்ட்ஸில் 3.9 மி.மீ. மாதிரியில் எதை வைத்துக்கொள்வது, எதை நீக்குவது என்பதையெல்லாம் இந்த எண்தான் தீர்மானிக்கிறது.

ஒரு பரப்பு வழவழப்பானதா, சொரசொரப்பானதா என்பதற்கு எளிய அளவுகோல் ஒன்று உண்டு. அலை நேர்குத்தாக விழும்போது, பரப்பின் மேடுபள்ளம் அலைநீளத்தில் எட்டில் ஒரு பங்குக்குக் குறைவாக இருந்தால் அந்த அலைக்கு அது வழவழப்பானது. 5.9 கிகாஹெர்ட்ஸில் இந்த எல்லை ஏறத்தாழ 6 மி.மீ. கார்க் கதவுகளுக்கு இடையிலுள்ள நாலைந்து மில்லிமீட்டர் இடுக்கை அந்த அலை பொருட்படுத்தாது. 77 கிகாஹெர்ட்ஸில் எல்லை அரை மில்லிமீட்டருக்கு இறங்கிவிடும். அங்கே அதே இடுக்கைப் பற்றி யோசித்தாக வேண்டும்.

இரண்டாவது, கேள்வி. பஸ் ஒன்று குறுக்கே நின்றால் சிக்னல் எவ்வளவு குறையும் என்று பார்க்கிறீர்களா, அல்லது காருக்குள் இருக்கும் கைப்பேசிக்கு எவ்வளவு வரும் என்று பார்க்கிறீர்களா? முதல் கேள்விக்கு உள்பகுதியே தேவையில்லை. இரண்டாவதற்கு உள்பகுதிதான் எல்லாம். இதை முடிவுசெய்யாமல் தொடங்குபவர்கள் ஸ்டீயரிங் சக்கரத்தைத் திருத்துவதில் ஒரு நாளைச் செலவழித்துவிட்டு, பிறகு அதை அழிக்கிறார்கள்.

மூன்றாவது, அளவுகள். கைப்பேசித் தொடர்புக்கான தரங்களை வகுக்கும் 3ஜிபிபி அமைப்பின் டிஆர் 37.885 அறிக்கை ஊர்திகளை மூன்று வகையாகப் பிரிக்கிறது. முதல் இரண்டும் 5 மீட்டர் நீளம், 2 மீட்டர் அகலம், 1.6 மீட்டர் உயரம் கொண்ட கார்கள். ஒன்றில் ஆண்டெனா 0.75 மீட்டர் உயரத்தில், மற்றதில் கூரையின் 1.6 மீட்டர் உயரத்தில் இருக்கும். மூன்றாவது வகை, 13 மீட்டர் நீளம், 2.6 மீட்டர் அகலம், 3 மீட்டர் உயரமுள்ள லாரி அல்லது பஸ்; ஆண்டெனா 3 மீட்டரில். உங்கள் முடிவைப் பிறருடைய முடிவோடு ஒப்பிடப் போகிறீர்கள் என்றால் இந்த அளவுகளிலேயே தொடங்குங்கள்.

2. மாதிரியைத் தேர்ந்தெடுத்தல்

குறைந்த முகங்கள் (பரப்பை உருவாக்கும் சிறு தட்டைத் துண்டுகள், பெரும்பாலும் முக்கோணங்கள்) கொண்ட மாதிரியைத் தேடுங்கள். விளையாட்டுகளுக்கும் விளம்பரங்களுக்கும் செய்யப்பட்ட கார்களில் லட்சக்கணக்கான முக்கோணங்கள் இருக்கும். அதைக் குறைத்துக் குறைத்துச் சில நூறுக்குக் கொண்டுவருவதைவிட, நாலைந்து பெட்டிகளிலிருந்து நீங்களே வரைந்துவிடுவது பெரும்பாலும் விரைவானது. பஸ்ஸுக்கும் லாரிக்கும் நான் எப்போதும் புதிதாகவே வரைகிறேன். அவற்றின் உடல் ஏற்கெனவே பெட்டிதானே!

மாதிரியின் உரிமத்தையும் இப்போதே படித்துவிடுங்கள். ஆய்வுத் தரவோடு சேர்த்து மாதிரியையும் வெளியிட நேரும்போது, பகிர அனுமதியில்லாத மாதிரி என்று தெரியவந்தால் எல்லா வேலையையும் மறுபடி செய்ய வேண்டிவரும்.

3. அளவு, அச்சு, தொடக்கப்புள்ளி

வேறெதையும் தொடும் முன் இதைச் செய்யுங்கள். இனி வரும் எல்லாப் படிகளிலும் தூரத்தை மீட்டரில் குறிப்பிடுவீர்கள். அளவு தவறாக இருந்தால் அத்தனையும் தவறிப்போகும்.

பொறியியல் வரைபடங்கள் மில்லிமீட்டரில் இருக்கும். சிமுலேஷன் மென்பொருளோ எண்ணை மீட்டராகவே எடுத்துக்கொள்ளும். ஒரு மாணவி மூன்று நாள்களாக ‘எங்கும் சிக்னல் இல்லை’ என்று போராடிக்கொண்டிருந்தார். திறந்து பார்த்தால் காரின் நீளம் 4,200 மீட்டர்! தெருவே காருக்குள் அடங்கியிருந்தது.

பிளெண்டரில் பரிமாணத்தைப் பார்த்துச் சரியான அளவுக்குச் சுருக்கியபின், கண்ட்ரோல்-ஏ அழுத்தி அந்தச் சுருக்கத்தைப் பொருளின் மீது பதித்துவிட வேண்டும். பதிக்காவிட்டால் திரையில் 4.2 மீட்டர் என்று தெரியும். உள்ளே புள்ளிகள் பழைய எண்களிலேயே இருக்கும். ‘இத்தனை மில்லிமீட்டருக்குள் இருக்கும் புள்ளிகளை இணை’ என்பது போன்ற கட்டளைகள் அப்போது வேறு அளவில் வேலை செய்யும்.

அச்சுக்கு ஒரு விதியை வைத்துக்கொண்டு எல்லா ஊர்திகளுக்கும் அதையே பின்பற்றுங்கள். என் விதி: முன்பக்கம் எக்ஸ் அச்சின் நேர்த்திசையில், மேல்பக்கம் இசட் அச்சில், தொடக்கப்புள்ளி ஊர்தியின் நடுவில் தரைமட்டத்தில். தொடக்கப்புள்ளியைத் தரையில் வைப்பதற்குக் காரணம் உண்டு. காரையும் பஸ்ஸையும் ஒரே சாலையில் வைக்கும்போது, ஒவ்வொன்றுக்கும் உயரத்தைத் தனியே கணக்கிட வேண்டியதில்லை.

டயரின் அடிப்பரப்பைச் சாலையின் பரப்போடு ஒரே மட்டத்தில் வைக்காதீர்கள். ஒரே தளத்தில் இரண்டு முகங்கள் இருந்தால் கதிர் எதில் பட்டது என்பது கணினியின் தசமத் தோராயப் பிழையைப் பொறுத்ததாகிவிடும். ஒரு சென்டிமீட்டர் தூக்கிவையுங்கள்.

4. தேவையற்றதை அகற்றுதல்

எஞ்சின், சஸ்பென்ஷன், வைப்பர், சின்னங்கள், திருகாணிகள் அனைத்தும் போகலாம். உலோக உடலுக்குப் பின்னால் இருப்பதை அலை பார்ப்பதே இல்லை. இந்த அதிர்வெண்களில் அலை உலோகத்துக்குள் ஓரிரு மைக்ரோமீட்டர்கூடச் சரியாக நுழைவதில்லை. கார்த் தகடோ ஒரு மில்லிமீட்டரை ஒட்டிய தடிமன் கொண்டது.

அதே காரணத்தால் தகட்டின் உள்முகத்தையும் நீக்குங்கள். காட்சிக்காகச் செய்த மாதிரிகளில் கதவுக்கு வெளிமுகம், உள்முகம் என இரண்டு இருக்கும். ஒன்று போதும். எண்பலகை, ஒட்டுப்படம் போன்றவை உடலின் மீதே படிந்த இரட்டை முகங்கள். சில கருவிகளில் இத்தகைய இரட்டை முகம் ஒரே எதிரொளிப்பை இருமுறை எண்ணவைக்கும். ஏற்ற இறக்கம் ஒத்துப்போகும் இரண்டு சம அலைகள் கூடினால் வீச்சு இரட்டிப்பாகும், அதாவது 6 டெசிபல் கூடுதல். பார்ப்பதற்கு நல்ல சிக்னல் போலவே தெரியும்.

ஆனால் காரின் அடிப்பகுதி இடைவெளியை மூடிவிடாதீர்கள். தரைக்கும் உடலுக்கும் இடையில் ஒரு சாண் உயரம் இருக்கிறது. 28 கிகாஹெர்ட்ஸில் அது பதினைந்து அலைநீளத்துக்கு மேல். வரிசையாக நிற்கும் கார்களின் அடியில் புகுந்து செல்லும் பாதைகள் அங்கே உண்மையானவை. காரைத் தரையோடு ஒட்டிய பெட்டியாக வரைந்தால் அவை காணாமல் போகும்.

5. பொருள் வாரியாகப் பிரித்தல்

உலோகம், கண்ணாடி, ரப்பர், பிளாஸ்டிக் பம்பர் என நான்கு போதும். பிளெண்டரில் திருத்த நிலையில் எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து, பி விசையை அழுத்தி, பொருள்வாரியாகப் பிரிக்கலாம். பதிவிறக்கிய மாதிரியில் ‘சிவப்புப் பெயிண்ட்’, ‘கருப்புப் பெயிண்ட்’, ‘குரோம்’ என்று இருபது பெயர்கள் இருக்கும். அலைக்கு அவை யாவும் உலோகமே, முதலில் ஒன்றாக்குங்கள்.

முகங்களைக் குறைப்பதற்கு முன்பே இதைச் செய்ய வேண்டும். குறைத்தபின் பிரித்தால், ஜன்னல் கண்ணாடியும் கதவுத் தூணும் சந்திக்கும் கோடு நகர்ந்துவிட்டிருக்கும். சில முக்கோணங்கள் பாதி கண்ணாடியாகவும் பாதி உலோகமாகவும் மாறி, எந்தப் பக்கம் சேர்ப்பது என்று தெரியாமல் நிற்கும். வண்டிக்குள் நுழையும் ஆற்றலைத் தீர்மானிப்பது ஜன்னலின் பரப்புதான். எனவே அந்தக் கோடு முக்கியம்.

எல்லா ஊர்தியும் உலோகப் பெட்டி என்று எண்ணிவிட வேண்டாம். நம் ஊர்ச் சாலைகளை மாதிரியாக்குபவர்கள் ஆட்டோவை எடுத்துக்கொள்ளுங்கள். முகப்பும் பின்பக்கத்தின் கீழ்ப்பகுதியும் தகடு, பல வண்டிகளில் கூரை ரெக்சின், பக்கங்கள் திறந்தவெளி. அதை 2.6 மீட்டர் நீள உலோகப் பெட்டியாக வரைந்தால், அலை தடையின்றிக் கடந்துபோகும் இடத்தில் சுவர் எழுப்பிவிடுகிறீர்கள். 3ஜிபிபி வகைகளில் ஆட்டோ இல்லை. அதை நீங்களே வரைந்தாக வேண்டும்.

6. முகங்களைக் குறைத்தல்

இந்தப் படியில்தான் அதிகம் பேர் சறுக்குகிறார்கள். ‘முகங்கள் கூடினால் துல்லியம் கூடும்’ என்பது படம் வரைவதற்குச் சரி. கதிர்த்தட முறையில் அது பெரும்பாலும் நேர்மாறானது.

முதல் காரணம், கணக்கின் அளவு. இரட்டை எதிரொளிப்பைப் பிம்ப முறையில் (ஒவ்வொரு முகத்துக்கும் பின்னால் அலைபரப்பியின் பிம்பத்தை வைத்துப் பாதையைக் கண்டுபிடிப்பது) தேடும் கருவி, ஒவ்வொரு முகத்தையும் மற்ற ஒவ்வொன்றோடும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 500 முகங்கள் என்றால் 2.5 லட்சம் இணைகள். 50,000 முகங்கள் என்றால் 250 கோடி.

இரண்டாவது காரணம், இயற்பியல். கதிர்த்தட முறை ஒவ்வொரு தட்டை முகத்தையும் விளிம்பே இல்லாத, முகம் பார்க்கும் பெரிய கண்ணாடிபோல் நடத்துகிறது. கதிர் பட்ட முக்கோணம் கையகலமே இருந்தாலும், எதிரொளிக்கும் ஆற்றல் முழுத் தளத்துக்கு உரியதாகவே கணக்கிடப்படும். உண்மையில், ஓர் எதிரொளிப்பு முழுமையாக நிகழ அந்தப் பரப்பு முதல் பிரெனெல் வட்டத்தை (எதிரொளிப்புக்குப் பெரும்பங்கு தரும் பகுதி) ஒட்டிய அளவிலாவது இருக்க வேண்டும். அலைபரப்பியும் அலைவாங்கியும் பரப்பிலிருந்து தலா 20 மீட்டரில் இருந்தால், நேர்குத்தாகப் பார்க்கையில் அந்த வட்டத்தின் ஆரம் 5.9 கிகாஹெர்ட்ஸில் சுமார் 71 செ.மீ. 28 கிகாஹெர்ட்ஸில் 33 செ.மீ. அதாவது காரின் பக்கவாட்டு முழுவதையும் ஒரே தட்டையாக எடுப்பது சரி. அதையே விரல் அளவு முக்கோணங்களாக நறுக்குவது, செல்லாத இடத்தில் சூத்திரத்தைச் செலுத்துவது.

மூன்றாவது, வளைவு. பஸ் ஓட்டுநரின் பக்கவாட்டில் இருக்கும் குவியாடியில் உருவம் சிறுத்துத் தெரியும். விழும் ஒளி விரிந்து சிதறுவதால் அப்படி. காரின் முன்பக்க பானெட்டும் அலையை அப்படியே விரிக்கிறது. சிறு தட்டைகளால் ஆன பானெட் விரிப்பதில்லை. ஒவ்வொரு தட்டையும் அலையை முழு வலிமையோடு ஒரு திசையில் திருப்புகிறது. பக்கத்துத் திசையில் எதுவும் வராது. கார் ஒரு டிகிரி திரும்பினால் சிக்னல் எகிறும், மறு டிகிரியில் விழும்.

நான் செய்வது இது. பக்கங்கள், கூரை, பின்பக்கம் ஆகியவற்றுக்கு ஒன்றிரண்டு தட்டைகள். முன்பக்க வளைவுக்கு மூன்று நான்கு பட்டைகள். டயருக்குப் பன்னிரண்டு பக்க உருளை. ஒரு காருக்கு மொத்தம் இருநூறு முதல் அறுநூறு முக்கோணங்கள். முகப்புக் கம்பிவலை, பின்னால் பார்க்க உதவும் பக்கக் கண்ணாடி போன்ற நுணுக்கமான பகுதிகளைத் தட்டையாக்கிவிட்டு, அந்தப் பொருளுக்குச் சிறிய சிதறல் எண் ஒன்றைக் கொடுக்கிறேன். நுணுக்கம் வடிவத்திலிருந்து பொருளின் பண்புக்கு மாறிவிடுகிறது. சிதறல் கணக்கையும் இயக்கியிருக்க வேண்டும் என்பதை மறக்க வேண்டாம்.

பிளெண்டரில் முதலில் ‘லிமிட்டெட் டிசால்வ்’ கட்டளையை ஐந்து டிகிரியில் ஓட்டுங்கள். ஏறத்தாழ ஒரே தளத்தில் உள்ள முகங்கள் ஒன்றாகும். அதன் பிறகும் தேவைப்பட்டால்தான், முகங்களின் எண்ணிக்கையைத் தானாகக் குறைக்கும் ‘டெசிமேட்’. நேரடியாக டெசிமேட் போட்டால் தட்டையான கதவுகூட நெளிந்து, நான்கைந்து வெவ்வேறு கோணங்களில் எதிரொளிக்கத் தொடங்கும். விளிம்பு விளைவை (விளிம்பில் அலை வளைந்து செல்வது) கணக்கிடும் கருவிகளில் இன்னொரு தொல்லையும் உண்டு. நெளிந்த பரப்பின் ஒவ்வொரு மடிப்பையும் அவை கூரிய விளிம்பாக எண்ணி, இல்லாத பாதைகளைச் சேர்க்கும்.

7. முகங்களின் வலையைப் பழுதுபார்த்தல்

குறைத்த பிறகே இதைச் செய்யுங்கள். குறைக்கும்போதே புதிய ஓட்டைகள் விழும். ‘மெர்ஜ் பை டிஸ்டன்ஸ்’ கட்டளையால் ஒட்டாத புள்ளிகளை ஒரு மில்லிமீட்டர் எல்லையில் இணைக்கவும். ‘நான் மேனிஃபோல்ட்’ தேர்வால் திறந்த விளிம்புகளைக் கண்டுபிடிக்கவும். ஜன்னல் விளிம்புகள் திறந்திருப்பது இயல்பு. கூரை நடுவில் திறந்திருந்தால் ஓட்டை.

முகங்களின் செங்குத்துத் திசை எல்லாம் வெளிநோக்கி இருக்கட்டும். ‘ஃபேஸ் ஓரியன்டேஷன்’ காட்சியில் வெளிப்புறத்தில் எங்கும் சிவப்பு தெரியக் கூடாது. சிவப்பு தெரிந்தால் ஷிஃப்ட்-என்.

8. பொருளின் பண்புகளைக் கொடுத்தல்

சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியமான ஐடியுவின் பி.2040 பரிந்துரை கட்டுமானப் பொருள்களுக்கான எண்களைத் தருகிறது. கண்ணாடிக்கு ஒப்புமை விடுதிறன் (மின்புலத்துக்குப் பொருள் எவ்வளவு இணங்குகிறது என்பதன் அளவு) 6.31. மின்கடத்துதிறன் அதிர்வெண்ணோடு கூடும்: கிகாஹெர்ட்ஸ் எண்ணை 1.3394 அடுக்குக்கு உயர்த்தி 0.0036 ஆல் பெருக்க வேண்டும். 28 கிகாஹெர்ட்ஸில் அது மீட்டருக்கு 0.31 சீமென்ஸ். சியோனாவில் இந்தப் பொருள்கள் ஏற்கெனவே உள்ளன. மாதிரியில் பொருளின் பெயரை அது எதிர்பார்க்கும் பெயராக வைத்தால் தானாகவே எடுத்துக்கொள்ளும்.

ஆனால் தடிமனை நீங்கள்தான் சொல்ல வேண்டும். சியோனா ஒரு முகத்தைக் குறிப்பிட்ட தடிமன் கொண்ட பலகையாகக் கருதுகிறது. நீங்கள் சொல்லாவிட்டால் அது 10 செ.மீ. கட்டடச் சுவருக்கு ஏற்றது, கார் ஜன்னலுக்கு? மேலே சொன்ன எண்களை வைத்துக் கையால் கணக்கிட்டுப் பாருங்கள். 28 கிகாஹெர்ட்ஸில் கண்ணாடிக்குள் உறிஞ்சப்படும் இழப்பு மீட்டருக்கு ஏறத்தாழ 200 டெசிபல். 4 மி.மீ. கதவுக் கண்ணாடியில் அது ஒரு டெசிபலுக்கும் குறைவு. 10 செ.மீ. என்றால் 20 டெசிபல், அதாவது நூறில் ஒரு பங்கு ஆற்றல்தான் உள்ளே வரும். ஓர் எண்ணை நிரப்ப மறந்ததற்காக ‘காருக்குள் 28 கிகாஹெர்ட்ஸ் அலை எட்டாது’ என்று முடிவெழுதிவிடுவோம்.

தடிமன் பண்பில் இருப்பதால் கண்ணாடியை ஒற்றை முகமாகவே வரைய வேண்டும். வெளிமுகம், உள்முகம் என இரண்டு வைத்தால் இரண்டு பலகைகளாகக் கணக்கிடப்படும்.

முன்கண்ணாடி இரண்டு தகடுகளுக்கு இடையே பிளாஸ்டிக் படலம் ஒட்டியது. அதை 5 மி.மீ. கண்ணாடியாக எடுப்பது பெரும்பாலும் போதும். வெப்பத்தைத் தடுக்க உலோகப் பூச்சு கொண்ட கண்ணாடி என்றால் கதை வேறு. அந்தப் பூச்சு ரேடியோ அலையையும் பெருமளவு தடுக்கும். அதற்கு அளந்தறிந்த இழப்பைத் தனிப் பொருளாகக் கொடுங்கள்.

9. ஆண்டெனாவை வைத்தல்

கூரை 1.6 மீட்டர், ஆண்டெனா 1.6 மீட்டர் என்று அறிக்கையில் இருப்பதை அப்படியே உள்ளிடாதீர்கள். புள்ளி தகட்டுக்குள் புதைந்துவிடும், கதிர் புறப்பட்ட இடத்திலேயே மோதும். 5 செ.மீ. மேலே தூக்குங்கள். பம்பர் ஆண்டெனாவையும் உடலுக்கு வெளியே நகர்த்துங்கள்.

இன்னொன்றில் அனுபவசாலிகளும் தவறுகிறார்கள். காரின் கூரையில் பொருத்தி அளந்த ஆண்டெனாக் கதிர்வீச்சுக் கோலம் (எந்தத் திசையில் எவ்வளவு ஆற்றல் என்பதன் வரைபடம்) கையில் இருந்தால், கூரையின் விளைவு அதற்குள்ளேயே அடங்கியிருக்கிறது. அதையும் கொடுத்து, மாதிரியில் கூரையையும் வைத்தால் ஒரே எதிரொளிப்பு இருமுறை நுழையும். தனி ஆண்டெனாவின் கோலமும் உலோகக் கூரையும், அல்லது பொருத்தி அளந்த கோலமும் அந்த ஊர்தியின் கூரை இல்லாத மாதிரியும் என ஏதாவது ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்.

10. ஏற்றுமதியும் நகர்த்தலும்

சியோனா படிக்கும் மிட்சுபா கோப்பு வடிவில் ஏற்றுமதி செய்யும்போது ஒய் முன்னோக்கி, இசட் மேல்நோக்கி என்பதைத் தேர்வுசெய்யவும். இல்லையேல் பிளெண்டரில் நின்ற கார் அங்கே படுத்திருக்கும். வடிவங்களின் பெயர்களை (மேலே சொன்ன உலோகம், கண்ணாடி போன்ற பொருள்பெயர்களை அல்ல) ரோமன் எழுத்தில், இடைவெளியின்றி, ஊர்தி எண்ணோடு சேர்த்து வையுங்கள்.

சியோனாவின் 1.0 பதிப்பு முதல், காட்சியை ஏற்றும்போது ஒரே பொருள் கொண்ட வடிவங்கள் இயல்பாகவே ஒன்றாக இணைக்கப்படுகின்றன. பத்து கார்களின் உலோகமும் ஒரே வடிவமாகிவிடும். ஒரு காரை மட்டும் நகர்த்த முடியாது. ‘மெர்ஜ் ஷேப்ஸ்’ அமைப்பை நிறுத்துங்கள், அல்லது கார்களின் பெயர்களை மட்டும் அதிலிருந்து விலக்குங்கள். பெயரை ஒழுங்காக வைக்கச் சொன்னது இதற்காகவும்தான்.

நகர்த்தும்போது உலோகம், கண்ணாடி, டயர் மூன்றுக்கும் ஒரே இடத்தைக் கொடுக்காதீர்கள். ஒவ்வொரு பாகத்தின் இடமும் அதனதன் நடுப்புள்ளி. ஒரே எண்ணைக் கொடுத்தால் ஜன்னல்கள் கதவுக்குள் இறங்கிவிடும். எல்லாவற்றுக்கும் ஒரே இடப்பெயர்ச்சியைக் கூட்டுங்கள். திருப்பும்போது பொதுவான சுழற்சி மையத்தைக் குறிப்பிடுங்கள். வேகத்தையும் எல்லாப் பாகங்களுக்கும் கொடுங்கள், இல்லையேல் டாப்ளர் பெயர்ச்சி (நகர்வால் அதிர்வெண்ணில் வரும் மாற்றம்) உலோகத்துக்கு ஒன்றாகவும் கண்ணாடிக்கு ஒன்றாகவும் வரும்.

சுமோ என்னும் போக்குவரத்து சிமுலேஷன் மென்பொருளிலிருந்து இடங்களை எடுப்பவர்கள் இரண்டைக் கவனிக்க வேண்டும். அது தரும் புள்ளி ஊர்தியின் நடுவல்ல, முன்பம்பரின் மையம். நடுவாக நினைத்தால் கார் 2.5 மீட்டரும், பஸ் 6.5 மீட்டரும் முன்னே தள்ளிநிற்கும். கோணமும் வடக்கிலிருந்து வலஞ்சுழியாக அளக்கப்படுவது. முன்பக்கம் எக்ஸ் அச்சில் உள்ள மாதிரிக்கு, 90 டிகிரியிலிருந்து அந்தக் கோணத்தைக் கழித்துக் கொடுக்க வேண்டும். வடக்குக்கும் கிழக்குக்கும் சரியாக 45 டிகிரியில் செல்லும் சாலையில் இந்தப் பிழை தெரியவே தெரியாது. எனவே வேறு சாலையில் சோதியுங்கள்.

11. நம்புவதற்கு முன் நான்கு சோதனைகள்

கசிவுச் சோதனை: ஜன்னல்களுக்கும் தற்காலிகமாக உலோகத்தைக் கொடுத்து, காரின் அடிப்பகுதியையும் மூடிவிட்டு, ஆண்டெனாவை உள்ளே வையுங்கள். வெளியே ஒரு பாதைகூட வரக் கூடாது. வந்தால் அந்தப் பாதை எந்த இடத்தைக் கடக்கிறதோ அங்கே ஓட்டை இருக்கிறது.

தாமதச் சோதனை: காரின் பக்கவாட்டுக்கு நேர் எதிரே, தெரிந்த தூரத்தில் அலைபரப்பியையும் அலைவாங்கியையும் அருகருகே வையுங்கள். அலை ஒரு மீட்டர் கடக்க 3.34 நானோசெகண்டு. பத்து மீட்டர் தூரம் என்றால் போய்வர 66.7 நானோசெகண்டு வர வேண்டும். அளவுப் பிழையும் இடப்பிழையும் இதில் உடனே பிடிபடும்.

சுழற்சிச் சோதனை: காரை ஒவ்வொரு டிகிரியாக 360 டிகிரிக்கும் திருப்பி, பெறப்படும் ஆற்றலை வரைபடமாக்குங்கள். பக்கம், முன், பின் ஆகிய திசைகளில் உயர்வது நியாயம். வேறிடங்களில் ஊசிபோல் முளைக்கும் ஒவ்வோர் உச்சமும் நறுக்கப்பட்ட வளைவின் அடையாளம். ஆறாம் படிக்குத் திரும்புங்கள்.

பெட்டிச் சோதனை: ஊர்தியை எடுத்துவிட்டு அதே அளவிலான ஆறு முகப் பெட்டியை வைத்து முழுக் கணக்கையும் மறுபடி ஓட்டுங்கள். இரண்டு முடிவுகளும் ஏறத்தாழ ஒன்றாக இருந்தால், உங்கள் கேள்விக்குப் பெட்டியே போதும்; நூறு ஊர்திகள் கொண்ட காட்சியில் பெட்டியையே பயன்படுத்துங்கள். வேறுபட்டால், வேறுபாட்டை உண்டாக்கும் பாதைகளை ஒவ்வொன்றாகத் திறந்து, அவை ஊர்தியின் எந்தப் பாகத்தில் படுகின்றன என்று பாருங்கள். ஜன்னல் வழியாகவோ அடிப்பகுதி வழியாகவோ போனால் நீங்கள் செய்த உழைப்பு பலன் தருகிறது. கதவுக் கைப்பிடியில் பட்டு வந்தால், அந்தக் கைப்பிடியை அழித்துவிட்டு மீண்டும் ஓட்டுங்கள்.